அந்த ஆளின் வீடு எங்கே?

சென்ற வாரம் சனிக்கிழமை காலை. சாயா போட அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்புகிறேன்... கேட் சங்கிலிச் சத்தம்.

எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டுக் கண்டக்டர் அண்ணன். தேய்த்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் குடை. கல்யாண வீட்டுக்கும் துஷ்டி வீட்டுக்கும் மட்டுமே பீரோவை விட்டு வெளியே வருகிற சட்டை அது. யார் போய்விட்டார்களோ என்று எனக்குப் பகீரென்றது.

"பிள்ளே, எனக்கு அந்த ஆளுக்க வீட்டைக் காட்டு. நேர்ல போய் நாலு வார்த்த கேக்கணும்."

"எந்த ஆளு அண்ணே?"

"எந்த ஆளா? கூடப் பொறந்த தம்பிகிட்ட பேசாம கெடக்கானே ஒரு கல்லுநெஞ்சுக்காரன்! நாம வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஜெபிக்கோம்லா, அவன்தான்."

மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி வசந்தாக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். 'சொல்லிராத, சொல்லிராத' என்று அர்த்தம்.

சிக்கல் என்ன தெரியுமா? கண்டக்டர் அண்ணன் தேடி வந்த அந்த ஆள், கண்டக்டர் அண்ணன்தான்!

கொஞ்சம் பின்னால் போனால்தான் இது விளங்கும்.

கண்டக்டர் அண்ணனின் பெயர் ஞானசிகாமணி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதனால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் எந்தக் குழப்பமும் வரப்போவதில்லை.) குழித்துறையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில், அவ்வளவுதான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சிப்பாறை ரூட்டில் படியில் தொங்குகிறவர்களை உள்ளே ஏற வைத்த குரல் அவருடையது. ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போயிருக்கும். நல்லவேளையாக வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் இருந்தது. அதை நடத்துவது அவர்தான்.

நான் அந்தச் சபை இல்லை. எங்கள் வீட்டில் அய்யாவழி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வழிபாட்டு இடமான பதிக்குப் போகிறவள். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வசந்தாக்கா வீட்டில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. முழுக்க முழுக்க பக்தி என்று சொன்னால், கூட்டம் முடிந்ததும் வருகிற முந்திரிக்கொத்துக்கும் கட்டன் சாயாவுக்கும் நான் துரோகம் செய்தவள் ஆவேன்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் கண்டக்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "விண்ணப்பம் உள்ளவங்க சொல்லலாம்" என்பார். ஒருவர் மகனுடைய மஸ்கட் விசாவுக்காகக் கேட்பார். இன்னொருவர் முட்டு வலிக்கு. இதெல்லாம் பெயரோடு வரும். மானம் போகிற விஷயங்கள் மட்டும் பெயர் இல்லாமல் வரும். 'ஒரு சகோதரி, மாமியாரோட சமாதானம் இல்ல.' 'ஒரு வாலிபன், சில கெட்ட பழக்கங்கள்.'

யார் அந்த வாலிபன் என்று கேட்கலாமா? கூடவே கூடாது! கண்டக்டர் அண்ணன் போட்ட சட்டம் அது. "பேரு கேக்கப்பிடாது. ஆண்டவருக்கு ஆளத் தெரியும்" என்பார்.

எங்களுக்கும் தெரியும். 'ஆமென்' சொல்லி முடிப்பதற்குள் வாலிபன் யார், எந்தக் கடை வாசலில் நிற்பான், என்ன பிராண்ட் என்பதுவரை எல்லோர் மனதிலும் வந்துவிடும். ஆனால் முகத்தில் காட்ட மாட்டோம். நாங்கள் நாகரிகமானவர்கள்.

இந்த நாகரிகத்தில்தான் கண்டக்டர் அண்ணன் மாட்டிக்கொண்டார்.

அவருக்கு ஒரே தம்பி. பெயர் எட்வின். மஸ்கட்டில் சம்பாதித்து, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய வீடு கட்டினார். பால்காய்ப்பு அன்று நல்ல விருந்து. அண்ணன் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, இஞ்சிக் கறியும் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து திருவனந்தபுரத்திலிருந்து எட்வினின் மனைவி வழி ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எட்வின் பதற்றத்தில் ஓடி வந்து, "அண்ணே, ஒருக்கா அடுத்த பந்தியில இரியுங்களேன். நம்ம ஆளுதானே" என்றுவிட்டார்.

இலையிலிருந்து எழுப்புவது! எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. கண்டக்டர் அண்ணன் எழுந்தார். சாப்பிடாத கையை நன்றாகக் கழுவினார். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே பாயசம் விளம்பிக்கொண்டிருந்த வசந்தாக்காவுக்கு, கணவர் போனதே மூன்றாம் பந்தியில்தான் தெரியும்.

அன்று நின்ற பேச்சு வருஷக்கணக்காக நின்றே கிடக்கிறது.

சரி, அண்ணன் தம்பி பேசாத வீடு ஊரில் எத்தனையோ இருக்கிறது. இதில் என்ன புதிது என்று கேட்பீர்கள். ஷைனி இருக்கிறாளே! எட்வினின் மகள். அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டில் இருந்த காலமெல்லாம் அவள் வளர்ந்தது இந்தப் பெரியப்பா வீட்டில்தான். கண்டக்டர் அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. தலை பின்னிவிட்டது வசந்தாக்கா. ஸ்கூல் வேனை விட்டுவிட்ட நாட்களில் தன் பஸ்ஸில் எஞ்சின் பெட்டிமேல் உட்கார வைத்துக் கூட்டிப்போனது பெரியப்பா. அந்த ஷைனிக்கு இப்போது கல்யாணம் கூடி வந்திருக்கிறது.

ஷைனியும் அவள் அம்மாவும் அழைக்க வந்தார்கள். கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் கண்டக்டர் அண்ணன் பின்வாசல் வழியாக ரப்பர் மர விளைக்குள் போய்விட்டார். "எட்வின் வரல்லல்லா? அவன் வந்து கூப்பிடட்டும்" என்பது அவர் கட்சி.

வசந்தாக்கா என் அடுக்களையில் உட்கார்ந்து அழுதார். "அவரு வராம நான் மட்டும் எப்பிடிட்டி போவேன்? நான் வளத்த பிள்ளைட்டி அவ. அவளுக்க கல்யாணத்த நான் போட்டோலயா பாக்கணும்?"

சாயா போட்டுக் கொடுத்தேன். துக்கத்துக்கு என்னிடம் உள்ள ஒரே மருந்து அதுதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. விண்ணப்ப நேரம். வசந்தாக்கா திடீரென்று வாயைத் திறந்தார். முன்கூட்டி யோசித்ததெல்லாம் இல்லை, பொங்கி வந்துவிட்டது.

"ஒரு சகோதரர்... கூடப் பொறந்த தம்பிகிட்ட ரொம்ப வருசமா பேசல்ல. அவருக்க மனசு இளகணும். எல்லாரும் ஜெபிக்கணும்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி வீட்டு றோஸ்லெட் சித்தி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவ்வளவுதான், இப்போது வெடிக்கப் போகிறது!

வெடித்தது. ஆனால் நாங்கள் நினைத்த பக்கம் இல்லை. கண்டக்டர் அண்ணன் கண்ணை மூடினார். இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"ஆண்டவரே! எப்பேர்ப்பட்ட மனுசன் அவன்! ஒரே வயித்துல பொறந்தவன்கிட்ட பேசாம அவனுக்குச் சோறு எப்பிடி எறங்குது ஆண்டவரே! ராத்திரி எப்பிடி ஒறக்கம் வருது! அவனுக்க நெஞ்சுல கெடக்குற கல்லப் பெறக்கி ஆத்துல எறியும்!"

"ஆமென்!" என்றோம். எங்கள் கூட்டத்தில் அவ்வளவு சத்தமான ஆமெனை நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலை வசந்தாக்கா மதில் பக்கம் வந்தார். "ஏட்டி, இவரு நடிக்காரா?"

"அண்ணனுக்கு நடிக்கத் தெரியுமா அக்கா?"

"தெரியாது. சினிமாவுல ஆளு செத்தா நிஜமா அழுவாரு." கொஞ்ச நேரம் யோசித்தார். "பின்ன எப்பிடிட்டி மனசிலாவாம போவும்?"

நியாயமான கேள்விதானே?

நான் கல்லூரியில் தத்துவம் படித்தவள். ஆசைப்பட்டு எடுத்ததில்லை, கெமிஸ்ட்ரியில் சீட் கிடைக்கவில்லை. அதில் மொழித் தத்துவம் என்று ஒரு பேப்பர். விடிகாலையில் தெரிகிற வெள்ளியும் அந்தியில் தெரிகிற வெள்ளியும் ஒரே கிரகம்தான். ஆனால் அது தெரியாத ஒருவன், 'காலையில் வருவது அழகு' என்று நம்பலாம். 'அந்தியில் வருவது அழகில்லை' என்றும் நம்பலாம். அவன் முட்டாளா? இல்லையே. அப்படியானால் அவன் நம்பிக்கை எதைப் பற்றியது? வானத்தில் இருக்கிற அந்தப் பொருளைப் பற்றியதா, அல்லது அதற்கு அவன் மனதில் ஒட்டி வைத்திருக்கிற பெயரைப் பற்றியதா?

வேலையில்லாதவர்கள் உட்கார்ந்து யோசித்தது என்று அப்போது நினைத்தேன். பரீட்சையில் நாலு பக்கம் எழுதினேன், பாஸ் ஆனேன், மறந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கண்டக்டர் வாய்த்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

கண்டக்டர் அண்ணனுக்கு சுகர் வந்ததிலிருந்து மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, ஆகாது. மேசையில் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். "வெசம்" என்பார். ஆனால் ஜவ்வரிசிப் பாயசம் என்றால் ரெண்டு கிளாஸ்! ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது? அதே மரச்சீனிக் கிழங்கிலிருந்துதான். வசந்தாக்கா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "அது கெழங்கு. இது பாயசம்" என்றார் அண்ணன். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

இப்போது சொல்லுங்கள்... அவருக்கு மரச்சீனி பிடிக்குமா, பிடிக்காதா?

அதே மாதிரி, ஞானசிகாமணி தன் தம்பியோடு ராசியாக வேண்டும் என்று கண்டக்டர் அண்ணன் விரும்பினாரா? விரும்பவில்லை என்று சொன்னால், வாரா வாரம் தொண்டை கட்டுகிற அளவுக்கு ஜெபித்தது யார்? விரும்பினார் என்று சொன்னால், ரப்பர் விளைக்குள் ஓடியது யார்? இரண்டும் ஒரே ஆள். இரண்டும் பொய் இல்லை. நம் விருப்பு வெறுப்பெல்லாம் ஆட்கள்மேல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுக்களை டப்பாவில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துதான் பாதி நேரம் மூக்கைச் சுளிக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் திறந்து பார்க்கிறார்கள்?

அடுத்தடுத்த வாரங்களில் விஷயம் முற்றியது. கண்டக்டர் அண்ணனுக்கு அந்தக் கல்நெஞ்சுக்காரன்மேல் ஒரு தனி அக்கறையே வந்துவிட்டது. சாப்பிடும்போது கேட்பாராம். "வசந்தா, அந்த ஆளு என்னவாக்கும்? வல்ல அசைவும் உண்டா?"

"ஒண்ணும் காணல்ல" என்பாராம் வசந்தாக்கா, மீன் குழம்பை விளம்பிக்கொண்டே.

"பிடிவாதம்! அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒருத்தனும் இல்லியா? வீட்டுல பெஞ்சாதி ஒருத்தி இருப்பால்லா, அவ என்ன செய்யுகா?"

இந்த இடத்தில் வசந்தாக்கா மேற்கொண்டு மீன் போடாமல் சட்டியை மூடிவிட்டாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை வசந்தாக்கா துணிந்து இன்னொரு படி இறங்கினார். "அந்தச் சகோதரருக்க தம்பி வீட்டுல இப்போ ஒரு கல்யாணமும் வருது" என்றார். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இனியுமா ஒரு மனுஷனுக்கு விளங்காமல் போகும்?

கூட்டம் முடிந்ததும் கண்டக்டர் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார். "கவனிச்சியா பிள்ளே? கிட்டத்தட்ட நம்ம வீட்டுக் கத மாதிரியே இருக்கு."

நான் முந்திரிக்கொத்தை முழுங்கினேன். "ஆமா அண்ணே. அப்பிடியே இருக்கு."

"ஆனா நம்ம கேஸு வேற." விரலை ஆட்டினார். "அங்க அண்ணனுக்க பிடிவாதம். இங்க தம்பிக்க அகம்பாவம். அந்த ஆளு தம்பிகிட்ட பேசல்ல. எனக்க தம்பியாக்கும் எனக்கிட்ட பேசாதது."

அன்றைக்குத்தான் எனக்கு விடை கிடைத்தது. அவர் நடிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. 'தம்பியோடு பேசாதவன்' என்ற வர்ணனைக்குள் அவர் தன்னை ஒரு நாளும் உட்கார வைத்துப் பார்த்ததே கிடையாது. அவர் கணக்கில் அவர் காத்திருக்கிறவர். பேசாமல் இருப்பது எட்வின். பாலத்துக்கு அந்தப் பக்கம் எட்வினைக் கேட்டால், அவரும் காத்திருக்கிறவர்தான். நடுவில் கிடப்பது ஒரே மௌனம். இக்கரையிலிருந்து பார்த்தால் அவனுடையது, அக்கரையிலிருந்து பார்த்தால் இவனுடையது.

நம் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. 'கஞ்சன்' என்று ஒருவரும் தன்னை நினைப்பதில்லை, 'சிக்கனம்' என்றுதான் நினைக்கிறார்கள். வம்பு பேசுகிறவர்கள் யாரும் வம்பு பேசுவதில்லை, அக்கறையாக விசாரிக்கிறார்கள். அதனால்தான் கஞ்சர்களைப் பற்றி எழுதினால், கஞ்சர்களே போன் பண்ணி ரசித்ததாகச் சொல்கிறார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக் காலைக்குத் திரும்பலாம். கேட்டில் வெள்ளைச் சட்டை. மதிலுக்கு மேலே வசந்தாக்காவின் கைகள்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு உள்ளுக்குள் குஷி, கூடவே பயமும். சொன்னால் மனுஷன் இடிந்துபோய், கோபத்தில் எட்வின் வீட்டு வாசலை ஜென்மத்துக்கும் மிதிக்காமல் போகலாம். வசந்தாக்கா ஷைனியின் கல்யாணத்தை போட்டோவில்தான் பார்க்க வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால்? தெருத்தெருவாகத் தன்னைத்தானே தேடிக்கொண்டு அலைவார்.

"காட்டுகேன் அண்ணே. ஆனா அங்க போய் என்ன சொல்லுவீங்க? முதல்ல எனக்குச் சொல்லுங்க. நான்தான் அந்த ஆளுன்னு வச்சுக்கிடுங்க."

அண்ணனுக்கு யோசனை பிடித்துவிட்டது. குடையை ஊன்றி நின்றார். "எலே! தம்பிகிட்ட ஏன்லே பேசல்ல?"

நான் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டேன். "அவன் என்னைய நாலு பேருக்கு முன்னால அவமானப்படுத்திட்டான்."

"படுத்தட்டும்! அது ஒரு நாளு. அதுக்கு ஆயுசு பூராவும் மூஞ்சியத் திருப்பிட்டு இருப்பியா?"

"அவன் வந்து கூப்பிடட்டும்."

"அவன் எப்பிடிலே வருவான்? உனக்கு பயந்து நிக்கான். சின்ன வயசுல இருந்தே உனக்கு பயந்தவன். நீ ஒரு அடி எடுத்து வச்சா, அவன் ஓடி வந்து கையப் பிடிப்பான்."

"அந்தத் தம்பிய அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன், வேஷத்தைக் கலைத்து.

கண்டக்டர் அண்ணன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "தம்பிமாரு எல்லாவனும் அப்பிடித்தான் பிள்ளே."

நான் மறுபடி அந்த ஆளானேன். "நான் கல்யாணத்துக்குப் போகல்லன்னா என்ன குடியா முழுகிரும்?"

"முழுகாது. ஒண்ணும் முழுகாது. ஆனா அந்தப் பிள்ள சர்ச்சுல நிக்கும்போ கூட்டத்துல ஒரு மூஞ்சியத் தேடும். தேடிட்டே நிக்கும்." குரல் தணிந்துவிட்டது. அந்தக் குரல் தணிந்து நான் கேட்டதே இல்லை.

உள்ளே தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்துபோனது. நான் அசையவில்லை.

"செரி, வீட்டைக் காட்டு" என்றார்.

கையை நீட்டிக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். வசந்தாக்கா சட்டென்று வாழைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"அவகிட்ட கேட்டாச்சு பிள்ளே. அவ சொல்ல மாட்டேங்கா."

"நான் அக்காவைக் காட்டல்ல அண்ணே. வீட்டைத்தான் காட்டினேன்."

அவர் தன் வீட்டைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். மறுபடி வீட்டைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. எனக்கு இந்த விளையாட்டை ஆடியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ம்."

"றோஸ்லெட்டுக்குமா?"

"அவங்கதான் அண்ணே முதல்ல சிரிச்சது."

குடையை விரித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. விரித்த குடையோடு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரேடியோ இல்லை, இருமல்கூட இல்லை. வசந்தாக்கா என்னைப் பார்த்ததும் வாசலைச் சாத்தினார். மதில் பக்கம் ஒருமுறை வந்தவர், "கெடுத்திட்டியே ஏட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் சோறு இறங்காமல் திரிந்தேன். நாக்கில் சனி என்று என் அம்மா என்னைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கூட்டம் நடக்குமா என்று தெரியாமலே கிறிஸ்துமஸுக்குக்கூட வராத கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. நாகரிகமானவர்கள் என்று சொன்னேன் அல்லவா? நானும் போனேன். இந்த முறை முந்திரிக்கொத்துக்காக இல்லை.

பாட்டு முடிந்தது. கண்டக்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "விண்ணப்பம் உள்ளவங்க சொல்லலாம்."

மஸ்கட் விசாகூட அன்று எழுந்து நிற்கவில்லை.

"அப்போ நான் ஒண்ணு சொல்லுகேன். ஒரு சகோதரர். தம்பிகிட்ட பேசல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "பேரு கேக்கப்பிடாதுன்னு நான்தான் சட்டம் போட்டது. இன்னைக்குச் சொல்லுகேன். பேரு ஞானசிகாமணி."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே... ஞானசிகாமணிங்கிற மனுசனுக்க நெஞ்சுல கெடக்குற கல்ல..."

நின்றுவிட்டது. மின்விசிறி மட்டும் ஓடியது.

"அவனுக்க நெஞ்சுல..."

மறுபடி நின்றது. வசந்தாக்கா தலையைத் தூக்கவே இல்லை.

"எனக்க நெஞ்சுல கெடக்குற கல்ல எடுத்துப் போடும் ஆண்டவரே."

அவ்வளவுதான். அவர் வாழ்க்கையிலேயே சின்ன ஜெபம். ஆமென் சொல்ல எல்லோரும் மறந்துபோனார்கள். பதிக்குப் போகிற நான்தான் முதலில் சொன்னேன்.

பரீட்சையில் நாலு பக்கம் எழுதினேனே, அதில் இது இல்லை. எல்லா விவரமும் அவரிடம் இருந்தது. அண்ணன், தம்பி, கல்யாணம், பிள்ளையின் முகம், கடைசியில் பெயர்கூட. சொந்தப் பெயரைச் சொல்லிக்கூட ஒரு மனுஷன் தன்னைத் தள்ளி நிறுத்தி ஜெபித்துவிட முடிகிறது. 'ஞானசிகாமணி' என்பதிலிருந்து 'நான்' என்பதற்கு வந்து சேர அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். என் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்?

நேற்று காலை. அதே வெள்ளைச் சட்டை. வசந்தாக்காவும் கூட. ஆட்டோ பாலத்தின் பக்கம் திரும்பியது. நான் ஒரு வேலையும் ஓடாமல் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். அக்கறையாகத்தான்!

சாயங்காலம் வசந்தாக்கா மட்டும் ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் கேட்டுக்கு ஓடினேன்.

"என்னாச்சு அக்கா? அண்ணன் எங்க?"

"சண்ட ஏட்டி."

"ஐயோ!"

"இவரு போய் நின்னதும், 'தப்பு எனக்கதாக்கும்'னாரு. எட்வின் அழுதுட்டே ஓடி வந்து, 'இல்ல அண்ணே, எனக்கதாக்கும்'னான். 'மூத்தவன் சொல்லுகேன்லா, எனக்கதுன்னா எனக்கதுதான்'னு இவரு. 'எழுப்பினது நான்தானே'ன்னு அவன். ஒருத்தரும் விட்டுக்குடுக்கல்ல. இவருக்க தொண்டைய கேட்டு ரோட்டுல ஆளு கூடிட்டு. ஷைனி நடுவுல நின்னு சிரிக்கா, அழுகா. மத்தியானச் சோறு தின்னுட்டு திரும்பவும் தொடங்கிட்டாங்க."

"அப்போ நீங்க மட்டும் ஏன் வந்தீங்க?"

"பட்டுச்சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் குடுக்கண்டாமா? டெய்லர் கடைய அடச்சிருவான்லா." உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து தட்டிக் காட்டினார். மயில் கழுத்து நிறப் பட்டு.

"அப்போ சண்ட இன்னும் தீரல்லியா அக்கா?"

வசந்தாக்கா காத்து நின்ற ஆட்டோவில் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"தீராண்டாம் ஏட்டி! பேசுகாங்கல்லா!"